கையெழுத்துக்குக் காத்திருக்கும் நேரம்

பயங்கரவாதத் தலைவனைத் தேடிப் பிடிக்கும் நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபைலை நிறுத்திவைக்கும் அதிகாரியை மக்காகவோ விலைபோனவராகவோ காட்டாதீர்கள். அவர் தயங்குவதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கும். அதைப் பிடித்துவிட்டால் துப்பாக்கி வெடிக்காமலே நூறு பக்கம் பரபரப்பாக ஓடும்.

நம்ம செட்டிநாட்டையே களமாக வையுங்கள். ஆள் கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டில் இருப்பதாகத் தகவல். பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்கதவைத் தட்டும்போதே அவன் பின்னால் இறங்கிவிடுவான். இரண்டு தெருவையும் ஒரே நிமிடத்தில் மறிக்க வேண்டும். வாட்ச்மேனிடம் முகப்புச் சாவி இருக்கலாம். நடுமுற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகளின் சாவிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கும் பங்காளிகளிடம். பூட்டை உடைக்கச் சட்டம் இடம் தருகிறது, தேக்குக் கதவு அவ்வளவு சீக்கிரம் தராது. உள்ளூர் சாட்சிகள் இருவர் வேண்டும். பாதி வீடு ஆளில்லாத தெருவில் அதிகாலையில் யாரை எழுப்புவது? வி.ஏ.ஓ.வை முன்கூட்டி அழைத்தால் விஷயம் கசியலாம். 2024 ஜூலை 1இல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவுப்படி சோதனையை வீடியோ எடுக்க வேண்டும். இருட்டில் எடுத்த பதிவு நடுவில் அறுந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் கைவைப்பார்.

அவன் பக்கத்து ராமச்சந்திரபுரத்துக்கு நகர்ந்தால் அது புதுக்கோட்டை மாவட்டம். கானாடுகாத்தான் இருக்கும் சிவகங்கையின் எஸ்.பி. தென்மண்டல ஐ.ஜி.க்குக் கீழே, புதுக்கோட்டை எஸ்.பி. மத்திய மண்டல ஐ.ஜி.க்குக் கீழே. அவசரத்தில் எல்லை தாண்டிச் சோதனையிட அதே சட்டத்தின் 186ஆம் பிரிவில் வழி உண்டு. ஆனால் காரணத்தை எழுதிவைத்து, அந்த ஊர் நிலையத்துக்கும் தகவல் கொடுத்தாக வேண்டும்.

என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) மறுநாளே வந்து இறங்குவதாக எழுதுகிறார்கள். முதல் தகவல் அறிக்கை நிலையத்திலிருந்து மாநில அரசுக்கும் அங்கிருந்து மத்திய அரசுக்கும் போக வேண்டும். கிடைத்த 15 நாளுக்குள் மத்திய அரசு முடிவெடுக்கும். மாநிலம் எழுதாமலே மத்திய அரசு தானாக உத்தரவிடவும் முடியும், அதுவே தனி உரசல். என்.ஐ.ஏ. கையில் எடுக்கும்வரை உள்ளூர் போலீஸ் விசாரணையைத் தொடர்ந்தாக வேண்டும். உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்கை உள்ளூர் போலீஸில் டி.எஸ்.பி.க்குக் கீழுள்ளவர் விசாரிக்கவும் கூடாது. நல்ல கதாநாயகன் இந்த இடைவெளியில்தான் இருக்கிறார்: காரைக்குடியில் திருவிழா பந்தோபஸ்துக்கும் இதற்குமாக இழுபடும் ஒரு டி.எஸ்.பி.

கைதோடு கதையை முடிப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 90 நாளில், நீதிமன்றம் நீட்டித்தால் 180 நாளில், குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது அவன் உரிமை. வழக்கு நடத்த அரசின் அனுமதியும் வேண்டும். ஆதாரங்களைப் பரிசீலிக்கும் அதிகாரிக்கு 7 வேலை நாள், அவர் பரிந்துரைத்தபின் அரசுக்கு 7 வேலை நாள். இந்தக் கெடு கட்டாயம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எட்டாம் நாள் போட்ட கையெழுத்து ஒன்று போதும், அத்தனை பேர் உயிரைப் பணயம் வைத்துப் பிடித்தவனின் வழக்கு ஆட்டம் காண. உச்சக்கட்டத்தை அந்த ஏழாம் நாள் மாலை, கோட்டையில் ஒரு செயலாளரின் மேசையில் வையுங்கள். அவரும் நல்லவராகவே இருக்கட்டும்.