முதலில் குழாய், பிறகு செடி

பெர்மாகல்ச்சர், அதாவது இயற்கையின் போக்கைப் பார்த்துத் தோட்டத்தை அமைக்கிற முறை, என்று ஆரம்பிப்பவர்கள் நேராக நர்சரிக்கு ஓடுகிறார்கள். சுருள் பாத்தி வரும், மூலிகை வரும், விலை கூடிய விதை வரும். குளியலறைக் குழாய் மட்டும் பழையபடி சாக்கடையில் கொட்டிக்கொண்டிருக்கும். என் கட்சி இதற்கு நேர் எதிர்: முதலில் குழாயைத் திருப்புங்கள், செடி பிறகு.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 1970களில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் உருவாக்கிய சொல் பெர்மாகல்ச்சர். ஹோம்கிரென் 2002-இல் வகுத்த 12 கொள்கைகளில் முதலாவது, கவனித்துச் செய். ஆறாவது, எதையும் கழிவாக்காதே. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வாழையும் சேம்பும் நின்ற நம் கிணற்றடியில் இரண்டுமே இருந்தன. மோட்டாரும் மேல்தொட்டியும் வந்ததும் கிணற்றடி போயிற்று.

நாலு பேர், குளிக்க ஆளுக்கு 2 வாளி, வாளிக்கு 18 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 144 லிட்டர். துணி துவைக்கிற தண்ணீர் தனி. இதற்கு ஒரு வாழை வட்டம் போதும்: நடுவில் தண்ணீர் விடும் குழி, சுற்றிலும் வாழை. 6 அடி விட்டம், நடுவில் இரண்டரை அடி ஆழம், கிண்ணம் மாதிரிச் சரிவாக. செங்குத்தாக வெட்டினால் முதல் மழைக்கே ஓரம் சரியும். எடுத்த மண்ணைச் சுற்றிலும் வரப்பாகப் போட்டு, அதன்மேல் நாலைந்து கன்று. குழிக்குள் நட்டால் வேர் அழுகிவிடும். அடியில் கட்டை, தென்னை மட்டை, தேங்காய் உரிமட்டை. மேலே சருகு, பிடுங்கிய களை, இடுப்பளவு குவியலாக. அது இறங்கிக்கொண்டே இருக்கும், போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தோண்டுமுன் அதே ஆழத்துக்குச் சின்னக் குழி போட்டு ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் களிமண். அங்கே இரண்டு வட்டம் போட்டு மாற்றி மாற்றி விட வேண்டும். கிணற்றுக்கு 30 அடியாவது தள்ளி இருக்கட்டும். வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டியும் வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது குழாயில்தான். 2 அங்குல பிவிசி, 10 அடிக்கு இரண்டரை அங்குல இறக்கம். குழாயின் வாயைச் சருகுக்குள் புதைத்தால் சில மாதத்தில் வெள்ளை நூல் மாதிரி வேர் உள்ளே ஏறி அடைத்துக்கொள்ளும். அடி உடைந்த பானையைக் கவிழ்த்து, அதற்குள் நாலு அங்குலம் காற்றில் தொங்கும்படி வாயை விடுங்கள். மேலே ஒரு ஓட்டுத்துண்டு மூடி. வழியில் குழாயை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ‘T’ இணைப்பு, இரண்டு வால்வு கட்டாயம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தண்ணீரை வேறு பக்கம் திருப்பத் தேவைப்படும். பிளீச்சிங் போட்டுக் கழுவுகிற அன்றும் அப்படித்தான்.

இந்தத் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்து வைக்கவே கூடாது. ஒரு நாள் தாண்டினால் நாறும். வடிகட்டி, மோட்டார் என்று செலவழித்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது இதனால்தான். குழியில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தால் சருகு போதவில்லை, கொசு வரும். சமையலறைத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு, பிசுக்கைப் பிடித்து நிறுத்தும் தொட்டி இல்லாமல் விட வேண்டாம். கழிப்பறைத் தண்ணீர் பேச்சுக்கே இடமில்லை.

துவைக்கிற பவுடரில் உள்ள சோடியம் களிமண்ணின் கண்களை அடைத்துவிடும். இலை ஓரம் கருகினால் முதலில் பவுடரைச் சந்தேகப்படுங்கள். பூந்திக்கொட்டை முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் பவுடரைப் பாதியாகக் குறைத்தாலே துணி வெளுக்கும்.

வாழை ரகத்தில் கற்பூரவள்ளி உப்பைக் கொஞ்சம் தாங்கும். ரஸ்தாளிக்கு வாடல் நோய்த் தொல்லை அதிகம். நடுவதற்கு அகல இலை நீர்க்கன்று வேண்டாம், ஈட்டி இலைக் கன்று எடுங்கள். ஒரு தூரில் தாய், மகள், பேத்தி. மிச்சத்தை அறுத்துக் குழியில் போடுங்கள்.

தார் வெட்டிய மரத்தையும் அங்கேயே போடலாம். ஆனால் முழுசாகப் போடாதீர்கள், கூன்வண்டு குடியேறும். நெடுக்குவாட்டில் பிளந்து இரண்டு நாள் வெயிலில் காயவிட்டுப் போடுங்கள்.