புல்லு வெட்டாத மலை மாதிரி

கடல் முள்ளெலி, அதாவது உடலெங்கும் முள் உள்ள அந்த உருண்டைக் கடலுயிரி, என்றாலே கடலில் குளிப்பவர்களுக்குத் தொல்லை என்பதோடு உங்கள் கட்டுரையை முடித்துவிட்டீர்கள். நான் இலங்கை மலையகத்து அட்டன்காரன், கடலுக்கு ரொம்பத் தூரம். ஆனாலும் திருகோணமலைக்குப் போனபோது அந்த நீண்ட கறுப்பு முள்காரனை மிதித்திருக்கிறேன். முள் உள்ளேயே ஒடிந்து, இரண்டு நாள் நொண்டினேன். நம்ம மலை அட்டைக் கடி எவ்வளவோ பரவாயில்லை!

சரி, தொல்லைதான். ஆனால் இந்த நீண்ட முள்காரனின் இனம், டயடிமா என்ற பேரினம், பகலில் பாறை இடுக்கில் பதுங்கி, இரவில் வெளியே வந்து பாசியை மேய்கிறது. 1983-84இல் கரீபியன் கடலில் இவை நோயால் கூட்டங்கூட்டமாகச் செத்ததும், பாசி மண்டிப் பவளப்பாறைகளை மூடிவிட்டது. புல்லு வெட்டாமல் விட்ட தேயிலை மலை என்ன கதியாகும் என்று எங்களுக்குத் தெரியாதா? அதையும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.