துருவுக்கும் எடை உண்டு

இடம்: கோவை உக்கடம், பழைய இரும்புக் கடை. ஞாயிறு காலை. வாசலில் பம்ப் செட் உறைகள், பல் போன கியர்கள், பிடி இல்லாத அரங்கள். கணபதி ஏரியாவில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு குவியலைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கிறார். கடைக்காரர் பாய் கையில் டீ.

பாய்: வாங்கண்ணா, என்ன வேணும்?

ஃபிட்டர்: ஒன்றும் இல்லை பாய். கதவுத் தாழ்ப்பாள் ஒன்று கிடைக்குமா என்று வந்தேன்.

பாய்: தாழ்ப்பாள் எல்லாம் உள்ளே. நீங்கள் நிற்பது வைஸ் பக்கத்தில், பட்டறையில் இரும்பைத் தாடையால் கவ்விப் பிடிக்குமே, அது.

ஃபிட்டர்: ஓ, இது வைஸா? மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறதே, கவனிக்கவே இல்லை.

பாய்: கவனிக்காமலேயே காலால் மூன்று தடவை புரட்டிவிட்டீர்கள்.

ஃபிட்டர்: இனி இது எதற்கு ஆகும்! வீட்டில் கதவு காற்றில் அடிக்கிறது, முட்டுக்கொடுக்க வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். என்ன விலை?

பாய்: முட்டுக்கொடுக்கச் செங்கல் போதுமே. பின்னால் கிடக்கிறது, சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிட்டர்: செங்கல் பொடி உதிரும் பாய். வீட்டில் திட்டு விழும்.

பாய்: துரு உதிர்ந்தால் கொஞ்சுவார்களா? சரி, கிலோ 70 ரூபாய்.

(தராசில் ஏற்றுகிறார்கள். 19 கிலோ 400 கிராம்.)

ஃபிட்டர்: இதில் துருவும் மண்ணுமே ஒரு கிலோ தேறும். அதற்கும் இரும்பு விலையா?

பாய்: நான் வாங்கும்போது துருவோடுதான் எடை போட்டேன். துரு என்ன வானத்திலிருந்தா வந்தது? இரும்பில் இருந்துதானே வந்தது?

ஃபிட்டர்: பாதி வானத்திலிருந்துதான் வந்தது. ஒரு கிலோ துருவில் முக்கால் கிலோ இரும்புகூட இருக்காது. மீதி ஆக்சிஜனும் ஈரமும். காற்றை எடை போட்டு விற்கிறீர்கள் பாய்.

பாய்: அப்படியானால் காற்றைத் தனியாகப் பிரித்துக் கொடுங்கள், கழித்துக்கொள்கிறேன்.

ஃபிட்டர்: ஏன், பிரிக்க முடியாதா? பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர். கைப்பிடி வாஷிங் சோடா. உதவாத இரும்புத் தகடு ஒன்றை வைஸில் முட்டாமல் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் சிவப்பு வயரைத் தகட்டுக்கும் கறுப்பு வயரை வைஸுக்கும் மாட்ட வேண்டியது. மறுநாள் பார்த்தால் துரு கறுப்புச் சேறாக இளகி நிற்கும். பிரஷ் போட்டால் வழித்துக்கொண்டு வரும், அடியில் உள்ள நல்ல இரும்பு அப்படியே இருக்கும்.

பாய்: வயரை மாற்றி மாட்டினால்?

ஃபிட்டர்: தகடு பிழைக்கும், வைஸ் கரையும்.

பாய்: தகட்டுக்குப் பதில் ஓட்டை எவர்சில்வர் தட்டு ஒன்று…

ஃபிட்டர்: ஐயோ, வேண்டவே வேண்டாம்! அதில் இருக்கிற குரோமியம் தண்ணீரில் இறங்கினால் விஷம். இரும்புதான் போட வேண்டும். வாளிப் பக்கத்தில் பீடியும் ஆகாது, ஹைட்ரஜன் கிளம்பும்.

பாய்: கதவுக்கு முட்டுக்கொடுக்க இத்தனை வைத்தியமா அண்ணா?

(ஃபிட்டர் இருமுகிறார். பேச்சை மாற்ற, கட்டைவிரலால் வைஸின் பக்கவாட்டைத் துடைக்கிறார். அதுதான் வினை. துருவுக்கு அடியில் நீலப் பெயின்ட் எட்டிப் பார்க்கிறது, அதற்கு நடுவே புடைத்த எழுத்துகள். சட்டென்று உள்ளங்கையால் மூடுகிறார்.)

பாய்: என்ன எழுதியிருக்கிறது?

ஃபிட்டர்: எடை போட்டிருக்கிறான்.

பாய்: கையை எடுங்கள். ரெ… ரெக்கார்டு. கீழே மேட் இன் இங்கிலாந்து. எடையை இங்கிலாந்து என்றா எழுதுவான்?

ஃபிட்டர்: அது கம்பெனிப் பெயர் பாய். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்கிற ஊர்ச் சரக்கு, அந்தக் காலத்துச் சமாச்சாரம். இப்போது யார் மதிக்கிறார்கள்?

பாய்: யானை படுத்தாலும் குதிரை மட்டம். கிலோ 80.

ஃபிட்டர்: தொட்டதற்குப் பத்து ரூபாயா! இங்கே பாருங்கள், தாடைத் தகட்டில் இரண்டு ஸ்க்ரூ இல்லை. அதற்காவது குறையுங்கள்.

பாய்: இல்லாத ஸ்க்ரூ தராசில் ஏறவில்லையே. அந்தத் தள்ளுபடி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. டப்பாவில் நூறு ஸ்க்ரூ கிடக்கிறது, ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிட்டர்: போட்டால் தொலைந்தது. இது பழைய இங்கிலீஷ் மரை. 1841-இல் விட்வொர்த் என்கிறவர் வகுத்தது, மரையின் கோணம் 55 டிகிரி. உங்கள் டப்பாவில் இருப்பது மெட்ரிக், 60 டிகிரி. முதல் சுற்று ஆசையாகப் போகும், அடுத்த சுற்றில் கடிக்கும். விடாமல் முடுக்கினால் வைஸில் இருக்கிற மரையும் போய்விடும்.

பாய்: பிறகு ஸ்க்ரூவுக்கு என்ன செய்வீர்கள்?

ஃபிட்டர்: என்ன பெரிய வேலை, லேத்தில் நானே வெட்டிக்… (நிறுத்துகிறார்.)

பாய்: வெட்டி?

ஃபிட்டர்: வெட்டிச் செலவு என்று சொல்ல வந்தேன். இதை விடுங்கள், பின்பக்கம் விரிசல் வேறு இருக்கிறது. காஸ்ட் அயர்னில் விரிசல் விழுந்தால் கதை முடிந்தது. சூடு காட்டி, நிக்கல் ராடு போட்டு, சாம்பலில் புதைத்து ஆறவிட்டாலும், சில சமயம் வெல்டு பக்கத்திலேயே டிங் என்று மறுபடி விரியும். 50 என்றால் எடுக்கிறேன்.

பாய்: விரிசலா? முதலிலேயே சொல்லக் கூடாதா? (உள்ளே திரும்பி) தம்பி, அந்தச் சம்மட்டியை எடு! உடைத்துப் போட்டால் ஃபவுண்டரிக்காரர் காஸ்டிங் ஸ்கிராப்பாக எடுத்துக்கொள்வார். முழுசாக வைத்தால் இடம்தான் அடைக்கிறது.

ஃபிட்டர்: (வைஸுக்கும் சம்மட்டிக்கும் நடுவில் நின்று) பொறுங்கள் பாய்! விரிசல் என்று நான் எங்கே சொன்னேன்? இருக்குமோ என்றேன்.

பாய்: இருக்கிறதா, இல்லையா? இருந்தால் உடைக்கிறேன், இல்லாவிட்டால் 80.

ஃபிட்டர்: மண்ணெண்ணெய் கொஞ்சம் கொடுங்கள். ஒரு சாக்பீஸும்.

(எழுதுகிற எனக்கே பாவமாக இருக்கிறது. தன் பொய்யைத் தானே சோதித்துப் பார்க்க வேண்டிய நிலைமை எந்த ஃபிட்டருக்கும் வரக் கூடாது. சந்தேகப்பட்ட இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, மண்ணெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, துணியால் ஒட்டத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸைப் பூசுகிறார். இரண்டு பேரும் குனிந்து பார்க்கிறார்கள்.)

பாய்: என்ன தெரிய வேண்டும்?

ஃபிட்டர்: விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து, சாக்பீஸில் மயிரிழை மாதிரி ஈரக்கோடு தெரியும்.

பாய்: வெள்ளையாகவே இருக்கிறதே.

ஃபிட்டர்: இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்.

பாய்: டீ ஆறிவிட்டது அண்ணா. கோடு வரவில்லை.

(ஃபிட்டர் கடைசி முயற்சியாக ஒரு ஸ்பானரால் வைஸைத் தட்டுகிறார். கணீர் என்று சத்தம்.)

பாய்: இது நல்ல சத்தமா, கெட்ட சத்தமா?

ஃபிட்டர்: (முணுமுணுத்து) நல்ல சத்தம். விரிசல் இருந்தால் சொத்தென்று கேட்கும்.

பாய்: அப்படியானால் கிலோ 90.

ஃபிட்டர்: ஏனுங்க, இது அநியாயம்! சோதித்துக் கொடுத்தது நான்!

பாய்: சோதித்த சரக்குக்குத்தான் அண்ணா விலை அதிகம்.

(அதற்குள் உள்ளேயிருந்து பையன் சம்மட்டியைக் கொண்டுவருகிறான். ஒரு வாளித் தண்ணீரில் தலைகீழாக ஊறிக்கொண்டிருந்தது அது. சொட்டச் சொட்ட நிற்கிறது.)

ஃபிட்டர்: இது என்ன கோலம்?

பாய்: தலை ஆடுகிறது. தினமும் காலையில் ஊறப்போட்டால் சாயங்காலம் வரை கெட்டியாக நிற்கும்.

ஃபிட்டர்: மறுநாள் முன்னைவிட ஆடும். ஊறும்போது கட்டை உப்பித் தலைக்குள் நசுங்குகிறது, காய்ந்தால் இன்னும் சுருங்குகிறது. ஒரு நாள் கழன்று பறந்து யார் மண்டையில் விழப் போகிறதோ! கொடுங்கள் இங்கே. காய்ந்த கருவேலங்கட்டை ஏதாவது கிடக்கிறதா?

(யாரும் கேட்காமலேயே கீழே உட்கார்ந்துவிடுகிறார். பழைய பிடியை அடித்துக் கழற்றி, காய்ந்த கட்டையைச் செதுக்கி, தலையை நுழைத்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிடியின் நுனியில் நாலு தட்டு. தலை தானாகவே ஏறி உட்கார்கிறது. மேலே ஒரு ஆப்பு. இந்த நேரம் முழுக்க அவர் பேரம் பேசவில்லை.)

பாய்: அடேங்கப்பா, அசையவே இல்லையே! சரி, உங்களுக்காக 75. அந்த 400 கிராமைத் துரு என்று கழித்துவிட்டேன். 19 கிலோ, 1425 ரூபாய்.

ஃபிட்டர்: சம்மட்டிக்குக் கூலி?

பாய்: தாழ்ப்பாள் ஒன்று சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிட்டர்: தாழ்ப்பாள் யாருக்கு வேண்டும்? (பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, வைஸைச் சாக்கில் கட்டுகிறார். கண் மெல்ல அடுத்த குவியலுக்குப் போகிறது.) பாய், அந்த மூலையில் நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது இழைப்புளியா?

பாய்: அண்ணா, அங்கேயே நில்லுங்கள். நான் விலையைச் சொல்லும் வரை அதைத் தொடக் கூடாது. நீங்கள் துடைத்தால் ஏதாவது எழுத்து வந்துவிடும்.

ஃபிட்டர்: சரி, தொடவில்லை. சொல்லுங்கள்.

பாய்: (இழைப்புளியையும் ஃபிட்டரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து) இல்லை, தொட்டே விடுங்கள்.