வெள்ளைப்பூடும் மண்ணெண்ணெயும் பாம்பைத் தடுக்காது

"லவ் பேர்ட்ஸ் கூட்டைச் சுற்றி வெள்ளைப்பூட்டை இடித்து மண்ணெண்ணெயில் கலந்து தெளித்தால் பாம்பு அண்டாது" என்ற செய்தி மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

வாசம் காற்றோடு போய்விடும்; மாரி மழையில் மிச்சமும் கழுவுப்படும். மண்ணெண்ணெய் நெடியால் பாதிக்கப்படுவது லவ் பேர்ட்ஸ்தான், அவற்றின் நுரையீரல் அவ்வளவு மென்மையானது.

பாம்பு வருவது முட்டைக்கும் குஞ்சுக்கும், கீழே சிந்திய தினையைத் தின்ன வரும் எலிக்கும். தினையை மாலையில் கூட்டிவிடுங்கள்.

வழக்கமான கோழிவலையின் ஓட்டையில் சிறு பாம்பு நுழையும். உள்ளே போய்க் குருவியை விழுங்கினால் வயிறு புடைத்து, வந்த ஓட்டையால் திரும்ப முடியாது. காலையில் கூட்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். கால் அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையே வேண்டும். அதை மண்ணுக்குள் ஒரு அடி இறக்குங்கள். கதவின் கீழ் இடைவெளியை அடைக்கத்தான் பலர் மறப்பார்கள். நைலோன் வலை வேண்டாம், பாம்பு சிக்கிச் சாகும்.

உள்ளே பாம்பைக் கண்டால் கையை விடாதீர்கள், சாரை என்று நினைத்தது நாகமாக இருக்கலாம். கடித்துவிட்டால் கீறவோ கட்டவோ வேண்டாம். அசையாமல் இருந்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.