மாத்திரையை எப்போது நிறுத்தப்போகிறாய்?

மனநல மருத்துவரிடம் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் போய்வந்த பிறகு வீட்டில் நடப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தயங்கித் தயங்கி ஒருவர் மருந்துச் சீட்டோடு திரும்பினால், முதல் வாரமே "இதையெல்லாம் எத்தனை நாளைக்குச் சாப்பிடணும்?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்புறம் "பழகிடப் போகுது, பாத்துக்க". கொஞ்சம் தெளிந்ததும் "இப்பதான் நல்லா இருக்கியே, இன்னும் எதுக்கு?"

பாசத்தில்தான் கேட்கிறார்கள். அதனாலேயே மறுத்துப் பேச முடிவதில்லை.

என் தோழி ஒருத்தி தன் மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவுக்குள் மாற்றி வைத்திருந்தாள். வீட்டில் யாரும் அவளைத் திட்டவில்லை, தடுக்கவும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பெருமூச்சு, ஒரு பார்வை, அவ்வளவுதான். தன்னைத் தேற்றிக்கொண்டிருந்த மருந்தை அவள் திருட்டுத்தனமாக விழுங்க வேண்டியிருந்தது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் போட்டவுடன் வேலை செய்வதில்லை. பலன் தெரிய 2 முதல் 4 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆனால் குமட்டல், தலைசுற்றல், தூக்கம் கெடுவது எல்லாம் முதல் சில நாட்களிலேயே வந்துவிடலாம். தொல்லை முதலில், நிம்மதி பிறகு. ஒருவருக்குத் துணை மிக அதிகம் தேவைப்படும் நாட்கள் இவை. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று காதில் விழுவதும் இதே நாட்களில்தான்.

தெளிந்த பிறகும் 6 மாதமாவது தொடரச் சொல்வது, நோய் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக. இருமுனைக் கோளாறு (அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வருவது), மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது போன்றவை வருவது) என்றால் பெரும்பாலும் இன்னும் நீண்ட காலம் ஆகும். பழகிவிடும் என்ற பயம் முழுக்கப் பொய்யில்லை. சில தூக்க மாத்திரைகளும் பதற்றத்துக்கான மாத்திரைகளும் அப்படிப் பழகக்கூடியவைதான். அதனால்தான் அவற்றைப் பொதுவாகக் குறைந்த நாட்களுக்கு மட்டும் எழுதித் தருகிறார்கள். மனச்சோர்வு மாத்திரைகள் அந்த மாதிரி ஏங்க வைப்பதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் உடம்பு படுத்தும். மருத்துவர் சொல்படி மெதுவாகக் குறைக்க வேண்டும்.

எல்லோருக்கும் மாத்திரை வேண்டியதில்லை என்பதும் உண்மை. லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு வழிச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். தைராய்டு குறைந்தாலும் சோர்வும் சலிப்பும் வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எழுதுவார்கள். இதையெல்லாம் முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்; சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் 8 பேரில் ஒருவர், சுமார் 97 கோடிப் பேர், ஏதோ ஒரு மனநலக் கோளாறோடு இருந்தார்கள். நம் உறவிலும் நட்பிலும் இருப்பவர்களும் இதில் அடக்கம்.

கூட இருப்பவர்களுக்கு உண்மையிலேயே ஒரு வேலை இருக்கிறது. 25 வயதுக்குட்பட்ட சிலருக்கு மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம். அதைக் கவனிக்க வேண்டும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மற்றபடி, மாத்திரை பற்றி உங்களுக்கு இருக்கும் சந்தேகங்களை, அவர் சம்மதித்தால், அடுத்த முறை கூடவே போய் மருத்துவரிடம் கேளுங்கள்.