கொப்புள வண்டை நசுக்காதீர்கள்
துவரைப் பூவில் வண்டு தெரிந்தால் கையால் நசுக்கச் சொல்கிறது உங்கள் கட்டுரை. அந்த வரியை மாற்றிவிடுங்கள். கறுப்பில் செம்மஞ்சள் பட்டை போட்ட, ஓர் அங்குலம் வரும் கொப்புள வண்டு அது. வெண்டை, தட்டைப்பயறுப் பூவையும் விடாது. லேசாக அழுத்தினாலே கால் மூட்டுகளில் மஞ்சள் திரவம் கசியும். அதிலுள்ள கேந்தாரிடின் என்ற விஷம் தோலில் பட்டதும் ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் நீர் கோத்துக் கொப்புளிக்கும். செத்த வண்டிலும் விஷம் உண்டு.

காலையில், வண்டு மந்தமாக இருக்கும்போது, ரப்பர் கையுறை போட்டுப் பூங்கொத்தை வலைக்குள் உதறி, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் கொட்டுங்கள். மேலே ஊர்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையோடு கண்ணைத் தொடவே கூடாது. பூ நேரத்தில் மருந்தடித்தால் தேனீயும் சேர்ந்து சாகும். இத்தனைக்கும் இந்த வண்டின் புழு வெட்டுக்கிளி முட்டையைத் தின்று வளர்வது.