லுக்கிங், இரண்டாம் சீசன்: டாமும் டோரிஸும்

அமெரிக்கத் தொலைக்காட்சி எச்பிஓவில் 2015இல் வந்த 'லுக்கிங்' தொடரின் இரண்டாம் சீசனைப் பற்றிப் பேச்செடுத்தாலே, நாயகன் பேட்ரிக் தன் மேலதிகாரி கெவினோடு போனது சரியா, பழைய காதலன் ரிச்சியோடு இருந்திருக்க வேண்டுமா என்றுதான் விவாதம் ஆரம்பிக்கிறது. எனக்கு அந்த முக்கோணத்தில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. அந்த சீசனிலேயே ஆழமான காதல் என்று நான் நினைப்பது டாமுக்கும் டோரிஸுக்கும் நடுவில் இருப்பதை. (கதையைச் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.)

சான் பிரான்சிஸ்கோவில் வாழும் மூன்று கே (ஆண்களை நேசிக்கும் ஆண்) நண்பர்களின் கதை இது. வீடியோ கேம் வடிவமைக்கும் பேட்ரிக், கலைஞனாக நினைத்துத் தடுமாறும் அகுஸ்டின், நாற்பது வயதில் சொந்தமாகக் கோழிக்கடை போடத் துடிக்கும் டாம். டாமோடு ஒரே வீட்டில் இருக்கும் டோரிஸ் ஒரு நர்ஸ். பள்ளிக்காலத்தில் இருவரும் காதலர்கள். டாம் ஆண்களை நேசிப்பவன் என்று தெரிந்த பிறகும் அவள் அவனை விட்டுப் போகவில்லை.

ஏழாவது எபிசோடில் டோரிஸின் அப்பா இறந்துபோகிறார். டாமும் பேட்ரிக்கும் அவளோடு மொடெஸ்டோவுக்குப் போகிறார்கள். அது டாமுக்கும் சொந்த ஊர். எப்போதும் எதையாவது கிண்டலடித்துக்கொண்டே இருக்கும் டோரிஸ், சாவு வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதை லாரன் வீட்மன் நடித்திருக்கும் விதம் அபாரம். டாமுக்கோ வேறு பாரம். தான் யார் என்பதை அப்பாவிடம் சொல்லாமலே அவரை இழந்தவன் அவன். அந்தத் துக்கத்துக்கு அன்றுவரை அவன் இடமே கொடுத்ததில்லை. அவளுடைய அப்பாவுக்காக வந்த இடத்தில் அவனுடைய அப்பாவும் வந்து நிற்கிறார். மர்ரே பார்ட்லெட் அதிகம் பேசாமலே இதைக் காட்டிவிடுகிறார். (பிற்பாடு அவர் எம்மி என்ற தொலைக்காட்சி விருதை வாங்கியபோது எனக்கு ஞாபகம் வந்தது இந்த டாம்தான்.) கே மக்களைப் பற்றிய தொடர்கள் பெரும்பாலும் யார் யாரோடு படுக்கிறார்கள் என்பதிலேயே நின்றுவிடுகின்றன. சாவுக்கு யார் கூட வருகிறார்கள் என்று காட்ட இந்த சீசன் ஒரு முழு எபிசோடையே செலவழித்தது.

அதோடு விடவில்லை. அடுத்து பணமும் டோரிஸின் புதுக் காதலன் மாலிக்கும் இடையில் வர, இருவருக்கும் பெரிய சண்டை. இத்தனை வருடம் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டே இருந்ததில் இருவருமே வளராமல் போய்விட்டோமோ என்ற கேள்வி அதில் வருகிறது. நட்பையும் ஒரு திருமணத்துக்குரிய கனத்தோடு எழுதினால்தான் இப்படி ஒரு சண்டை எழுத வரும்.

எடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீடற்ற திருநர் இளையோருக்கான காப்பகத்தில் வேலை செய்பவன், பருத்த உடம்பு, எச்ஐவி உள்ளவன். தொலைக்காட்சியில் எச்ஐவி என்றாலே மரணப்படுக்கை என்று பழகியவர்களுக்கு, அவன் சிரித்துப் பேசி, அகுஸ்டினைக் காதலிக்க வைத்து, அவனைத் திருத்தவும் செய்வது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?

பேட்ரிக்–கெவின் கதைக்குத் தேவைக்கு மேல் இடம் கொடுத்துவிட்டார்கள் என்பது என் குறை. ஆனாலும் கடைசி எபிசோடில், புது வீட்டுக்குக் குடிபோன அன்றே ஆண்கள் ஆண் துணை தேடும் கிரைண்டர் செயலியில் தொடங்கி நீளும் அந்தச் சண்டை, ஜோனதன் கிராஃபும் ரஸ்ஸல் டோவியும் நடித்ததில், பார்க்கவே வலிக்கிறது.

"இதில் எதுவுமே நடக்கவில்லை" என்று அப்போது நிறையப் பேர் சொன்னார்கள். பார்வையாளர்கள் குறைவு என்று 2015 மார்ச்சில் எச்பிஓ தொடரை நிறுத்தியது. 2016இல் ஒரு படத்தோடு கதையை முடித்தார்கள். அப்பா சாகிறார், இருபது வருடத்துக்கும் மேலான நட்பு உடையும் நிலைக்குப் போகிறது, ஒருவன் தன் நோயை மறைக்காமல் காதலிக்கிறான். இதற்கு மேல் என்ன நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள் என எனக்கு இன்றுவரை புரியவில்லை. அந்தப் படத்தில் டாமுக்கும் டோரிஸுக்கும் இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்திருக்கலாம் என்ற ஆதங்கமும் தீரவில்லை.